பஸ்ஸோடு முடிந்த படம்

எது நல்ல படம் என்று எனக்கு இப்போதெல்லாம் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

விராலிமலையில் நெடுஞ்சாலையை ஒட்டி எனக்குப் பெயிண்ட் கடை. நிறங்கள் அச்சடித்த ஷேட் கார்டை விரித்து வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மணி நேரமாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பார்கள். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹாலுக்கு இது, உள் ரூமுக்கு இது. கண்ண மூடிட்டு அடிங்க" என்பேன். அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் வியாபாரம். முப்பது வருடமாக இதே பிழைப்பு. யார் எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்லியே வாய்க்குப் பழகிவிட்டது.

கடை வாசலில் ப்ரைமர் அடித்த ப்ளைவுட் பலகை ஒன்று நிற்கும். தள்ளுபடி எழுதுவதற்காக வைத்தது. ஒரு சனிக்கிழமை சும்மா இருக்கமாட்டாமல், முந்தின நாள் பார்த்த புதுப் படத்தைப் பற்றி அதில் ஒரு வரி எழுதினேன்: 'ரத்தம் ஆறாக ஓடுகிறது. கதை கரையிலேயே நிற்கிறது.' எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். விடுவேனா? வாராவாரம் எழுத ஆரம்பித்துவிட்டேன். 'கிராபிக்ஸ் சிங்கம் மட்டும் நன்றாக நடித்திருக்கிறது.' 'வேற்றுக்கிரகத்திலிருந்து மறுபடியும் வந்திருக்கிறார்கள். மறுபடியும் அமெரிக்காவுக்கேதான்.' இலுப்பூரிலிருந்து வருகிறவர்கள்கூட, "என்ன அண்ணே, இந்த வாரம் போகலாமா வேணாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போடுவார்கள்.

உள்ளுக்குள் எனக்கு மண்டை காய்ந்தது யாருக்குத் தெரியும்? அஞ்சு மொழியில் ஒரே நாளில் வருகிற படங்கள் இருக்கின்றனவே, அவற்றில் கதாநாயகன் நாலு தடவை அறிமுகமாகிறான். நாலு தடவையும் காது கிழிகிறது. கண்றாவி என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் குளிக்கும்போது அதே பின்னணி இசையை நான் முணுமுணுக்கிறேன். அப்படியென்றால் பிடித்ததா, பிடிக்கவில்லையா? மலையாளத்திலிருந்து வந்த சின்னப் படம் ஒன்றில் ஒரு மனிதன் மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் அலைகிறான். அழுதுவிட்டேன். மிக்ஸிக்கு எதற்கு அழுதேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. வெளிநாட்டுப் படத்தில் உலகத்தைக் காப்பாற்ற வந்தவன், டப்பிங்கில் மெட்ராஸ் பாஷை பேசிக்கொண்டு பறக்கிறான். அசலாகப் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். டப்பிங்கே தேவலாம் போலிருந்தது. அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால், 'ஒலியமைப்பு உலகத்தரம்' என்று எழுதிவைத்தேன்.

என் மகள்தான் போனில் வேறு மாதிரிப் படங்களை அனுப்புவாள். ஒன்றில் ஒரு கிழவர் படகுத்துறையில் படகுக்காகக் காத்திருக்கிறார். காத்திருக்கிறார். காத்திருக்கிறார். படம் முடிந்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம். உடனே போன் போட்டேன்.

"என்னத்தா இது? படகு வந்துச்சா, வரலையா?"

"அத நாமளேதான் யோசிச்சுக்கணும்ப்பா. ஓபன் எண்டிங்."

எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு விளங்காத படம் எதுவாக இருந்தாலும் பலகையில் 'ஓபன் எண்டிங்' என்று போட்டுவிடுவேன். யாரும் மறுவார்த்தை பேசமாட்டார்கள்.

இந்த மகள் சென்னையில் ஏழெட்டு வருடம் உதவி இயக்குநராக அல்லாடி, கடைசியில் சொந்தமாக ஒரு படம் எடுத்துவிட்டாள். சின்னப் படம். பெரிய நடிகர் யாரும் கிடையாது. சென்னையில் எல்லோருக்கும் முன்கூட்டியே போட்டுக் காட்டினார்கள். எங்களையும் கூப்பிட்டாள். நான்தான் வீறாப்பாக, "ஓசியில பாத்து நான் கருத்துச் சொல்றதில்ல. புதுக்கோட்டையில போடுவாங்கள்ல, நம்ம சனத்தோட டிக்கெட் எடுத்துப் பாக்குறேன்" என்றேன். அம்மாக்காரி முறைத்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

மகள் சொன்னாள். "சரிப்பா. ஆனா பாத்துட்டு உண்மையச் சொல்லணும். பலகைக்கு எழுதுற மாதிரி இல்ல, எங்கிட்ட சொல்லணும். நாலு ஊர்ல நாலு நாளாவது நின்னாத்தான் அடுத்த கதையக் கேப்பேன்னு தயாரிப்பாளர் சொல்லிட்டாரு. எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

"நிக்கும் ஆத்தா. நான் இருக்கேன்ல" என்றேன்.

சனிக்கிழமை காலைக் காட்சிக்குப் புதுக்கோட்டைக்கு வேன் பிடித்துப் போனோம். நான், என் மனைவி, என் அக்கா, மச்சான், அவர்கள் மகன் மருமகள் பேரப்பிள்ளைகள் என்று பதினாலு பேர். தியேட்டரில் எங்களைத் தவிரப் பின் வரிசை மூலையில் ஒரு ஜோடி மட்டும் உட்கார்ந்திருந்தது. திரையில் மகள் பேர் வந்ததும் மச்சான் விசிலடித்தார். அறுபத்தேழு வயது அவருக்கு. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

படம் மெதுவாகப் போயிற்று. வானம் பார்த்த ஊரில் ஒரு பெண். வேலைக்காக வெளியூர் போக நினைக்கிறாள். போகவா வேண்டாமா என்று அல்லாடுகிறாள். ஆடு கத்துகிறது. குடம் நிரம்புகிறது. என் அக்கா கொட்டாவியை அடக்கியதை நான் பார்த்தேன். நல்ல படமா? எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. மகள் எடுத்தது என்பதால் பிடிக்கிறதா, மகள் எடுத்தும் பிடிக்கவில்லையா? குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். பஸ் போயிற்று. தூசி கிளம்பி மெல்ல அடங்கியது. திரை கறுத்தது. விளக்கைப் போட்டார்கள்.

பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். வெயில் உள்ளே அடித்தது.

"முடிஞ்சிருச்சா மாப்ள?" என்று கேட்டார் மச்சான்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் 'தெரியலையே' என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஷேட் கார்டைப் பார்த்துப் பதில் சொல்கிற அதே வேகத்தில் சொன்னேன்.

"முடிஞ்சிருச்சு மச்சான். சின்னப் படம்தான்னு பாப்பாவே சொல்லிச்சுல்ல. ஓபன் எண்டிங். எந்திரிங்க."

எழுந்து நின்று கைதட்டினோம். எங்களைப் பார்த்துவிட்டு மூலையில் இருந்த ஜோடியும் எழுந்து போயிற்று. என் மனைவி மட்டும் நகரவில்லை.

"ஏங்க, அந்தப் புள்ள பஸ்ல ஏறுச்சே, எங்க போச்சு?"

"அத நாமளேதான் யோசிச்சுக்கணும்."

"கடைசியில எல்லார் பேரும் மேல மேல போகுமே, அது வரலையே?"

"அதான் மொதல்லயே வந்துச்சே! உம் மக பேரத்தான் பாத்தேல்ல? கெளம்பு."

வெளியே சுடச்சுட பாப்கார்ன் பொரித்துக் குவித்து வைத்திருந்தார்கள். பாப்கார்ன் போடுபவர், "என்ன சார், அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?" என்றார். "ஊருக்குப் போகணும்ல" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. வியாபாரம் ஆகாத வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். போஸ்டருக்கு முன்னால் பதினாலு பேரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

பொழுது நிறைய மிச்சம் இருந்தது. அன்னவாசல் வழியாகத்தானே திரும்ப வேண்டும், பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று சித்தன்னவாசலில் வேனை நிறுத்தினோம். பிள்ளைகள் பூங்காவில் சறுக்கு விளையாடினார்கள். மரத்தடியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். எந்தெந்த இடத்தில் கேமரா நன்றாக இருந்தது என்று மச்சானுக்கு நான் வகுப்பெடுத்தேன்.

கடைக்கு வந்து பலகையைத் துடைத்துவிட்டு, நல்ல கருநீலத்தில் எழுதினேன்: 'முடிவை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகும் படம்.' மகளுக்கு வாய்ஸ் மெசேஜும் அனுப்பினேன். அவள் அதைக் கேட்கவில்லை. வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. மகள்தான்.

"அப்பா, நேத்துப் போனீங்களா? எந்த ஷோ?"

"காலை ஷோதான் ஆத்தா. பதினாலு பேரு! ஒங்க மாமா விசிலடிச்சாரு பாரு..."

"அந்த ஷோவுலதான் இடைவேளையிலயே மொத்த ஹாலும் எந்திரிச்சுப் போயிருச்சாமே. தியேட்டர்ல இருந்து தயாரிப்பாளருக்குச் சொல்லிட்டாங்க. இன்னையில இருந்து அங்க படம் இல்ல. சொந்த ஊர்லயே ஒக்காந்து பாக்கலையேம்மா, அப்புறம் எந்த நம்பிக்கையில அடுத்த கதையக் கேக்குறதுன்னு எங்கிட்டயே கேக்குறாரு. நீங்க உள்ளதானப்பா இருந்தீங்க? அவங்களுக்கு எந்த எடத்துல பிடிக்காமப் போச்சு? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இடைவேளையா? இடைவேளையே விடலையே ஆத்தா" என்றேன். சொல்லும்போதே நாக்கு பாதியில் நின்றது. கையில் இருந்த டீத்தம்ளரை மேஜையில் வைத்தேன்.

"பஸ்ஸு போகுதுல்ல," என்றேன். "தூசி அடங்குதுல்ல. அதோட..."

"அதோட?"

"முடியலையா?"



"அது பாதிப்பா," என்றாள். "அதுக்கு மேலதான் படமே இருக்கு."

போனை வைத்துவிட்டாள்.

நான் கடைக்குள் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளை சிமெண்ட் கேட்டு வந்தவரிடம் என்ன எடுத்துக் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. என் மனைவியிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "நான் கேட்டேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அடப்பாவி மனிதா என்று என்னை நானேதான் திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

மதியமே புதுக்கோட்டைக்கு ஓடினேன். தியேட்டர் மேலாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"அது ஒங்க குடும்பமா சார்? நீங்க படம் பிடிக்காமத்தான் போறீங்கன்னுல்ல நெனச்சோம். இந்த மாதிரிப் படத்துல இடைவேளைன்னு எழுத்து வராது சார். நாங்களாத்தான் பாதியில ஒரு எடத்துல நிறுத்துவோம். ஆளே இல்லாத ஹாலுக்கு எதுக்குன்னு மிச்சத்த ஓட்டல."

"அப்ப ஏங்க கைதட்டிட்டுப் போனோம்? பிடிக்காதவுக கைதட்டுவாகளா?"

"கிண்டலுக்குத் தட்டுறீங்கன்னு நெனச்சேன் சார். இங்க அப்படித்தான் தட்டுவாங்க."

ஒரே ஒரு காட்சியாவது மறுபடி போடுங்கள் என்று கெஞ்சினேன். வேறு படத்துக்கு நேரத்தைக் கொடுத்தாகிவிட்டது என்றார். வாசலில் வந்து பார்த்தால், நாங்கள் நேற்று போட்டோ எடுத்த இடத்தில் புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஒருவன் வாளோடு நின்றான். பசைகூடக் காயவில்லை. என் பிள்ளையின் படத்தை எதிரி யாரும் வந்து கெடுக்கவில்லை. குடும்பத்தோடு வேன் வைத்துப் போய் நானே நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

பலகையிடம்தான் சொன்னேன். சாயங்காலம் அந்தக் கருநீல வரியைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். சுலபத்தில் போகவில்லை. அதற்கு மேலேயே எழுதினேன்: 'என் மகள் படத்தை நான் பாதிதான் பார்த்தேன். இடைவேளையை முடிவென்று நினைத்து எல்லோரையும் எழுப்பிக் கூட்டி வந்தவன் நான்தான். படத்தின் மேல் தப்பில்லை.' பஸ்ஸுக்கு நின்றவர்கள் படித்தார்கள். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மனைவியும் நானும் திருச்சிக்குப் போனோம். அங்கே ஒரு தியேட்டரில் இன்னும் காலைக் காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இருபது பேர் இருப்பார்கள். மறுபடி ஆடு கத்தியது, குடம் நிரம்பியது, பஸ் போயிற்று, தூசி அடங்கியது. விளக்கைப் போட்டார்கள். என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்துவிடுவேன் என்று பயம் அவளுக்கு.

இரண்டாம் பாதியில் அந்தப் பெண் பட்டணத்தில் பெண்கள் ஹாஸ்டலில் இருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரி இவளோடு பேசுவதில்லை. வேலை செய்யும் இடத்தில் தினமும் திட்டு வாங்குகிறாள். குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுகிறாள். ஊரிலிருந்து அப்பா வருகிறார் என்று தெரிந்ததும், கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லப் பையைக்கூடக் கட்டி வைத்துவிடுகிறாள். அப்பா வருகிறார். வாசலில் நின்று சுவரைத் தடவிப் பார்க்கிறார். "வெளிச்சுவருக்கு அடிக்கிற பெயிண்ட உள்ள அடிச்சு வச்சிருக்கான், முட்டாப்பய" என்கிறார்.

தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். என் சிரிப்பு பாதியில் நின்றது. என் மனைவி சிரிக்கவில்லை.

திரையில் அந்த மனிதர் விடுவதாக இல்லை. படிக்கட்டுச் சரியில்லை, சாக்கடை வாட்டம் சரியில்லை, டீயில் தண்ணீர் ஜாஸ்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கருத்து. அந்தப் பெண் அவர் பக்கத்திலேயே நடக்கிறாள். வாயைத் திறக்க இடமே கிடைக்கவில்லை. கடைசியில் அவர் பஸ் ஏறிப் போகிறார். அவள் மேலே வந்து, கட்டி வைத்த பையை ஒவ்வொரு துணியாகப் பிரிக்கிறாள். அவள் அங்கேயே இருந்து எப்படியோ நிமிர்வதுதான் மீதிப் படம்.

மகள் சென்னைக்குப் போன முதல் வருடம் நான் அவள் ஹாஸ்டலுக்குப் போயிருந்தேன். சுவரைத் தடவிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எந்த ஷேட் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது? எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு பை இருந்ததா? எனக்குத் தெரியவில்லை.

வரிசையாகப் பேர்கள் மேலே போய் முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவி இரண்டு தடவை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் கடையில் இருக்கும்போது போன் வந்தது.

"அம்மா சொன்னாங்க, முழுசாப் பாத்தீங்களாமே," என்றாள் மகள். "பலகையத் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. கதையக் கேக்குறேன்னும் சொல்லல, கேக்க மாட்டேன்னும் சொல்லல. அது கெடக்கு. நீங்க சொல்லுங்கப்பா. படம் எப்படி இருந்துச்சு?"

வாய் தானாகத் திறந்தது. ஒளிப்பதிவு, நடிப்பு, நீளம் என்று எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடையில் சாயத்தைக் கலக்குகிற மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

"தெரியல ஆத்தா," என்றேன்.

"தெரியலையா? ஒங்களுக்கா?"

"அந்த ஹாஸ்டல்ல நீ நல்லா இருந்தியா?"

நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தேன்.

"இல்லப்பா," என்றாள். "நல்லாவே இல்ல."

பெயிண்ட் டின் ஒன்றை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

"சொல்லு," என்றேன். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.